ஜிம்மி குரைப்பதில்லை

“நாயைக் கட்டிப் போட்டிருக்கீங்களா, அவுத்து விட்டிருக்கீங்களா?”

கதவைத் திறந்த நூலகருக்குக் கேள்வி பிடிபடவில்லை. நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு, பனியன் முழுக்க வேர்வையோடு, மூச்சு இரைக்க நின்றார். ஹவுஸ் ஓனர் மாடிப்படியில் இரண்டு படி கீழேயே நின்றுகொண்டு, குடையை முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

“எந்த நாய் சார்?”

“உங்க நாய்தான். எவ்வளவு நேரமா ஓடுது. தொம் தொம்முனு. கீழ எங்க வீட்டு அலமாரியில டம்ளர் எல்லாம் ஆடுது.”

நூலகருக்கு உயிர் வந்தது. “அது நாய் இல்ல சார், நான்தான். வீட்டுலயே ஜிம் வச்சிருக்கேன்.”

ஓனர் ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார். “ஆங்?”

“ஜிம் சார். ஜிம்மு.”

“ஜிம்மியா? பேரு வேற வச்சாச்சா?”

இந்த இடத்தில் நூலகரின் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாலிப வயதிலிருந்து ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து பிழைப்பவர். அவர் உச்சக் குரலில் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்கு ஏதோ ரகசியம் சொல்வதுபோலத்தான் இருக்கும். அந்தக் குரலில் ‘ஜிம்மு’ என்று சொன்னால் கடைசி எழுத்து காற்றில் கரைந்து எதுவாக வேண்டுமானாலும் ஆகலாம். அதுவும் தமிழ் பேசுகிற வீடுகளில் ‘ஜிம்’ என்று ஆரம்பித்தாலே காது தானாக ஒரு ‘மி’யைச் சேர்த்துக்கொள்ளும். எந்தத் தெருவில் நின்று ‘ஜிம்மி’ என்று கூப்பிட்டாலும் குறைந்தது ஒரு வாலாவது ஆடும்.

“ஜிம்மி இல்ல சார்,” நூலகர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். “உடம்பைக் குறைக்கணும்னு நான்தான் நாயா ஓடுறேன்.”

“பாத்தீங்களா, நாய்தான் ஓடுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க.”

அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து நூலகரின் மனைவி படியேறி வந்தாள். பஸ் கண்டக்டர். நூலகர் ஒரு வருஷம் முழுக்கப் பேசிய ஒலியை அவள் ஒரு நிறுத்தத்தில் செலவழிப்பாள்.

“படியில நிக்காதீங்க சார். ஒண்ணு ஏறுங்க, இல்ல இறங்குங்க.” சொன்ன பிறகுதான் எதிரில் நிற்பது பயணி அல்ல, வீட்டுக்குச் சொந்தக்காரர் என்பது உறைத்தது. “மன்னிச்சுக்குங்க சார், வாய்ப் பழக்கம். என்ன விஷயம்?”

“நாய் விஷயம்.”

“நாய் இல்ல சார், ஜிம்,” என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. கொடியில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது.

ஓனர் அமைதியாகக் குவித்த கையைக் காதிலிருந்து எடுத்தார். “ஜிம்மியோ டாமியோ, வீடு குடுக்கும்போதே ரெண்டு விஷயம் சொன்னேன். செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. நாய் வளக்கக் கூடாது. யோசிச்சு வைங்க.”

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எதிர்க்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கப் போனாலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பொத்தான் மாட்டிக்கொண்டுதான் போவார். தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவரிடம் படித்தவர்களைக் கட்டிக்கொண்டவர்கள். அதனால் அவர் நடையில் எப்போதும் ஒரு பள்ளி ஆய்வு இருக்கும். அவருடைய மனைவி இருக்கிற இடமே தெரியாது. இருவருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவதால் அந்த அம்மா கீழே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சிரித்தபடி இருப்பாள்.

“இவருக்கு எப்பலேருந்து காது மந்தம்?” என்றாள் கண்டக்டர். “போன வாரம் நம்ம குழாய் சொட்டுற சத்தம் கீழ கேக்குதுன்னு வந்து நின்னாரே?”

“வயசாயிடுச்சு. சிலது கேக்கும், சிலது கேக்காது.”

“அது உங்க காதுங்க. நான் கடைக்குப் போகச் சொன்னா மட்டும் கேக்காது.”

ஜிம் வந்த கதை இது. நூலகர் பகல் முழுக்க நாற்காலியில் உட்காருபவர். புத்தகத்தை எடுத்துக் கொடுக்க உதவியாளர் உண்டு, பூச்சியை விரட்ட மருந்து உண்டு, அவர் அசைய வேண்டிய அவசியமே நூலகத்தில் எழுவதில்லை. வயிறு மெல்ல மெல்ல மேசையின் இழுப்பறையைத் திறக்க விடாமல் செய்தது. “தெருவுல நாலு நடை நடந்தா ஆகாதா?” என்று மனைவி கேட்டபோது, அவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

“வீட்டு ஜிம்முல எத்தனை சௌகரியம் தெரியுமா உனக்கு? போக வர நேரம் மிச்சம். மழை பெஞ்சா என்ன, இடி இடிச்சா என்ன. அடுத்தவன் வேர்வை சொட்டுன பாயில நாம படுக்க வேணாம். முக்கியமா, நம்ம தொப்பையை யாரும் பாக்க மாட்டாங்க.”

“நான் ஒருத்தி தினம் பாக்குறேனே, அது கணக்குல வராதா?”

“நீ வீட்டு ஆளு. அதுவும் இல்லாம, யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாத விஷயம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் இப்போது கண்டக்டரம்மா சாப்பாட்டு நேரத்தில் தொட்டுக்கொள்ள வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நூலகர் நேராகக் கீழே போய் ஓனரைக் கையோடு அழைத்து வந்தார். கண்ணால் பார்த்தால் தீர்ந்தது.

ஓனர் குடையோடுதான் வந்தார். ஜிம் வைத்திருந்த அறை, முன்பு துணி மடிக்கிற அறையாக இருந்தது. இப்போதும் பாதி துணிகள் அங்கேதான் மடிந்துகொண்டிருந்தன. ஓனர் முதலில் டம்பெல்லைக் குடை நுனியால் தட்டிப் பார்த்தார்.

“இது நாய் கடிச்சு விளையாடுற எலும்புதானே?”

“தூக்குறது சார். கனமா இருக்கும் பாருங்க.”

“பெரிய ஜாதி நாய் போல.”

இழுக்கிற ரப்பர் வார் சுவரோரம் சுருண்டு கிடந்தது. அதற்கு ஒரு முனையில் பிடி வேறு. ஓனர் அதைப் பார்த்தார், நூலகரைப் பார்த்தார். அந்தப் பார்வை ஒரு குற்றப்பத்திரிகை. பிறகு தரைப்பாய். “இது அது படுத்துக்கறதுக்கு.”

“நான் படுத்துக்கறதுக்கு சார்.”

“உங்களைக் கட்டில்ல படுக்க விடுறதில்லையா அந்தம்மா?”

கடைசியாக ஓடும் மிஷினுக்கு வந்தார். அதன் முன் கொஞ்ச நேரம் நின்றார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“இதுல நாயை எப்படி ஏத்துவீங்க?”

“நான் ஏறுவேன் சார்.”

“எங்க அமுக்குவீங்க?”

நூலகருக்கு உற்சாகம் பிறந்தது. சந்தேகம் தீருகிற வழி இதுதான். பச்சைப் பொத்தான் ஓடுவதற்கு, சிவப்புப் பொத்தான் நிற்பதற்கு, இந்த அம்புக்குறி வேகத்துக்கு, இது மேடு மாதிரி தூக்குவதற்கு, விழுந்துவிடுவோம் என்று தோன்றினால் இந்தக் கயிறு என்று ஒன்றுவிடாமல் செய்து காட்டினார். ஓனர் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். வேகத்தை எடுத்தவுடனே ஏற்றலாமா, முட்டிக்கு ஆகாதா என்றுகூடக் கேட்டார். அவர் அத்தனை கவனமாகக் கேட்டதைப் பார்த்து நூலகருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“இப்ப நம்பிக்கை வந்துச்சா சார்?”

“வந்துச்சு.” குடையை எடுத்துக்கொண்டார். “இவ்வளவு வசதி பண்ணிக் குடுத்திருக்கீங்கன்னா, வெறும் நாய் இல்ல. செல்ல நாய்.”

அன்றிலிருந்து நூலகர் மிஷினைத் தொடவில்லை. சத்தம்தானே தகராறு, சத்தமில்லாமல் செய்வோம் என்று பாயை விரித்துப் படுத்துக்கொண்டு வயிற்றுக்கான பயிற்சியை ஆரம்பித்தார். எழுந்து, படுத்து, எழுந்து, படுத்து, நாலாவது தடவையிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. ‘ஹஹ் ஹஹ் ஹஹ்’ என்று வாயால் மூச்சு வாங்கினார்.

வேலைக்குக் கிளம்பி இறங்கும்போது கேட்டருகே ஓனர் காத்திருந்தார். “பாவம், அதுக்கு இரைக்குது. தண்ணி வைக்கிறீங்களா இல்லையா?”

நூலகர் அன்று சாயங்காலம் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் இடுப்பில் கை வைத்தாள். “இருங்க. நான் அவர் மூஞ்சிக்கு நேரா ஜிம்முன்னு கத்துனது கேக்கல. மேல நீங்க மூச்சு விட்டது கீழ கேக்குதா?”

“புத்தகத்துல பாத்தேன். சில பேருக்குச் சில ஒலி மட்டும் கேக்குமாம்.”

“உங்க புத்தகத்தைத் தூக்கிப் போடுங்க. எழுதிக் காட்டுங்க அவருக்கு. காது போனா என்ன, கண்ணு இருக்குல்ல?”

யோசனை நல்ல யோசனைதான். அதை நூலகர் செயல்படுத்திய விதத்தில்தான் கோளாறு. ‘ஜிம்’ என்று எழுதினால் பக்கத்தில் ஓனர் ‘மி’யைப் பேனாவால் சேர்த்துவிடுவாரோ என்று பயந்தார். தவிர, பலகை என்று வந்துவிட்டால் நூலகருக்குக் கை சும்மா இருக்காது. அலமாரிகளுக்குத் தலைப்பு எழுதிப் பழகிய அழகான கையெழுத்தில், நல்ல தமிழில், ‘உடற்பயிற்சிக் கூடம்’ என்று ஒரு பலகை எழுதினார். அதை அந்த அறைக் கதவுக்கு மேலே மாட்டினார். திருப்தியாக ஓனரைக் கூப்பிட்டார்.

ஓனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துப்பிழை தேடுபவர்போல இரண்டு முறை படித்தார்.

“கூடம்.”

“ஆமா சார்.”

“கூடம்னா நாலு பேர் வருவாங்க. என் வீட்டுல கடை நடத்துறீங்க.”

“ஐயோ, கடை இல்ல சார். நான் ஒருத்தன்தான்.”

“ஒருத்தனுக்கு எதுக்குத் தம்பி போர்டு? அப்ப உங்களுக்கே அது என்ன ரூமுன்னு மறந்து போகுதா?” ஓனர் கழுத்தை நீட்டிப் பலகையின் மேல்பக்கத்தைப் பார்த்தார். “இது எதுல தொங்குது?”

நூலகரும் அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆணியில் தொங்கியது.

“நாய் ஒண்ணு. கடை ரெண்டு. ஆணி மூணு,” என்றார் ஓனர். வகுப்பில் தடியன் ஒருவனை எழுப்பி நிறுத்திய காலத்துக் குரல் அப்படியே திரும்பி வந்திருந்தது. “மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன். நாயா வீடா, நீங்களே முடிவு பண்ணுங்க. நான் எப்படித் தம்பி நம்புறது? நீங்க ரெண்டு பேரும் இல்லாத நேரத்துல உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியுமா?”

கண்டக்டரம்மாவுக்கு இதைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் எதற்கும் அழுகிற ஆள் இல்லை. ஓடுகிற பஸ்ஸில் இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் நடுவில் புகுந்து இருவருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுப்பவள். ஆனால் இந்த வீடு அப்படி. கல்யாணமானதிலிருந்து அவர்கள் குடியிருந்த வீடுகளில் ஒன்றில் சமையலறைக் கதவைத் திறந்தால் அடுப்பு மூடிக்கொள்ளும். இன்னொன்றில் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இவர்கள் ‘நூறு வயசு’ சொல்வார்கள். இந்த வீட்டிலிருந்துதான் அவளுக்குப் பஸ் டிப்போவும் அவருக்கு நூலகமும் நடக்கிற தூரம். இரண்டு பக்கமும் ஜன்னல். விடியற்காலை வேலைக்கு அவள் பயமில்லாமல் நடந்து போகிற தெரு.

“உங்க தொப்பைக்காக என் வீடு போகணுமா?” என்றாள். கத்தவில்லை. நூலகருக்கு அதுதான் வலித்தது.

மறுநாள் நூலகத்தில் அவர் ஓனரிடம் எப்படிப் பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமாக, தெளிவாக, வாயை நன்றாகத் திறந்து. ஒரு பெரியவர் வந்து, தோட்டக்கலைப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று மெல்லக் கேட்டார். “ரெண்டாவது வரிசை, கடைசி அலமாரி,” என்று நூலகர் முழங்கியதில் வாசிப்பறையே எழுந்து நின்றது. பெரியவர் கைக்கு வந்த சமையல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தீர்வு கடைசியில் கண்டக்டரம்மாவின் தொழிலிலிருந்து வந்தது.

“ஒருத்தன் டிக்கெட் எடுத்துட்டேன்னு சாதிக்கிறான். நான் இல்லைங்கறேன். என்ன பண்ணுவோம்? செக்கிங் விடுவோம். இவரையும் செக்கிங் விட்டுடுங்க. ஒரு சாவியைக் கையில குடுத்துட்டு, நாங்க இல்லாத நேரத்துல எப்ப வேணா வந்து பாத்துக்கங்கன்னு சொல்லுங்க. வாய் அடைஞ்சிடும்.”

“சாவியைக் குடுக்கறதா?”

“நாமதான் தப்பு பண்ணலையே. அவர் என்ன, நம்ம துணியைத் தூக்கிட்டா போகப் போறாரு? அவர் போடுற சட்டைக்கு உங்களுது ஒண்ணும் பொருந்தாது.”

நூலகர் கீழே போனார். ஓனர் சாய்வு நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். நூலகருக்கு முதல் நாள் முழங்கியதில் தொண்டை கட்டிவிட்டிருந்தது. காற்று மட்டும்தான் வந்தது.

“சார், ஒரு சாவி...”

செய்தித்தாள் இறங்கியது. “குடுங்க.”

காதுக்குக் கை போகவில்லை. கை நேராக நீண்டது. நூலகர் சாவியை வைத்தார். வாசலில் செடிக்கு மண் கிளறிக்கொண்டிருந்த ஓனரின் மனைவி தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் கேட்டருகே நூலகருக்கு அறிக்கை கிடைத்தது.

“இன்னிக்குக் கட்டிலுக்கு அடியில பாத்தேன். ஆப்புடல.”

“இல்ல சார், அது இல்லவே இல்ல.”

“நாளைக்குப் பரண்.”

“நாய் எப்படி சார் பரண்ல ஏறும்?”

“பயந்த நாய் ஏறும்.”

மற்றொரு நாள், “இருக்கு தம்பி. நிச்சயமா இருக்கு. ரூம் பூரா வாடை அடிக்குது. வேர்த்துக் கொட்டுன வாடை,” என்றார். நூலகர் மேலே ஓடிப் போய் மோந்து பார்த்தார். வாடை இருக்கத்தான் செய்தது. நாய்க்கு நம்மைப்போல வேர்க்காது என்று படித்திருக்கிறார். அப்படியானால் வேறு என்ன என்று யோசிக்கும்போதே தன் பழைய பனியன் நினைவுக்கு வந்தது. வெட்கப்பட்டு ஜன்னலைத் திறந்துவைத்தார்.

ஓனருக்குக் கோபம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்ததாக நூலகருக்குத் தோன்றியது. ஆரம்பத்தில் கைப்பிடிக் கம்பியை விடாமல், படிக்குப் படி நின்று ஏறிய மனிதர், இப்போது இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தார். ஆத்திரம் ஒரு மனிதனுக்கு இத்தனை தெம்பைக் கொடுக்குமா என்று நூலகர் கவலைப்பட்டார்.

இதற்கிடையில் அவர் உடற்பயிற்சியை அடியோடு விட்டிருந்தார். ஓடினால் நாய், படுத்தால் நாய், மூச்சு விட்டாலும் நாய் என்றால் மனுஷன் என்ன செய்வான்? காலையில் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பாயில் சாய்ந்து, உடற்பயிற்சியின் பயன்கள் பற்றிய ஒரு நூலைப் படித்தார். நல்ல நூல். படித்துக்கொண்டே ஒரு சின்னத் தூக்கம் போடலாம்.

ஒரு சாயங்காலம் மனைவி துணி எடுக்கப் போனவள், மிஷினைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். “பரவாயில்லையே. போன வாரம் நடக்கிற வேகத்துல இருந்துச்சு. இப்ப ஓடுற வேகத்துல நிக்குது. மேடு வேற தூக்கி வச்சிருக்கீங்க.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த நூலகர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தட்டில் இன்னொரு கரண்டி விழுந்தது. “சாப்பிடுங்க. ஓடுற உடம்பு.” எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. திறந்த வாயைச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

ஆனால் மனசு குடைந்தது. அவர் ஓடவில்லை. நாய் கிடையாது. அப்படியானால் யார்? கை கழுவும்போது விடை கிடைத்தது. வேறு யார், இவள்தான். விடியற்காலை வேலை முடித்து மதியம் வந்ததும் யாருக்கும் தெரியாமல் ஓடுகிறாள். தானும் ஓடுவதாகச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, புருஷன் மனசு நோகாமல் இருக்க, பெருமையை அவர் தட்டில் போடுகிறாள். நூலகருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ரகசியத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தார். அவளுக்காகவே தினமும் கொஞ்சம் தண்ணீரை எடுத்து நெற்றியில் தெளித்துக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார்.

“சட்டை பொத்தான் தெறிச்சிடுச்சே?” என்றாள் அவள் ஒரு நாள்.

“சதை கெட்டிப்படுதில்ல,” என்றார்.

மாசக் கடைசி வந்தது. விடுமுறை நாளாகப் பார்த்து, காலை வேளையில், ஓனர் மனைவியோடு படியேறி வந்தார். முழுக்கைச் சட்டை, பொத்தான், எல்லாம் இருந்தன. குடை மட்டும் இல்லை. அந்த அம்மா கையில் எதையும் கொண்டு வரவில்லை. கூடத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தீர்ப்பு நாள்.

“காபி கலக்குறேன்,” என்று கண்டக்டரம்மா உள்ளே போனாள். நூலகரும் கரண்டி தேடுகிற சாக்கில் பின்னாலேயே போனார். சமையலறை, வீட்டின் அந்தக் கோடியில் இருந்தது. அடுப்பு வேறு இரைந்துகொண்டிருந்தது. இருந்தாலும் எச்சரிக்கையாக, தன் தொழில் வாழ்க்கையிலேயே மிக மெல்லிய குரலில், அவள் காதோரம் குனிந்து சொன்னார்.

“நான் முடிவு பண்ணிட்டேன். எல்லாத்தையும் வித்துடலாம்.”

“எதை விக்கிறீங்க?”

கேட்டது கூடத்திலிருந்து.

நூலகரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓனர் எழுந்து சமையலறை வாசலுக்கே வந்துவிட்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“ஜிம்மைத்தான் சார்,” என்றார் நூலகர். “பழைய சாமான் கடைக்காரர் நாளைக்கு வண்டியோட வர்றாரு. அந்த ஓடுற மிஷின், பாய், எலும்பு... அது, டம்பெல், எல்லாம் போயிடும். அப்புறம் சத்தமும் இல்ல, சந்தேகமும் இல்ல. எங்களுக்கு இந்த வீடு வேணும் சார்.”

“அவசரப்படாதீங்க.”

கண்டக்டரம்மாவுக்கு ஒரு யோசனை. வாக்குவாதம் செய்து பயனில்லை, அவர் வழியிலேயே போய்விடுவோம். “சார், நாங்க ஒத்துக்கறோம். ஜிம்மிதான். ஜிம்மியை வித்துடறோம்.”

“வளத்த ஜீவனை விக்கிறதா?” ஓனர் கொதித்துப் போனார். “உங்களுக்கு மனசாட்சி இருக்கா? பழகின இடத்தை விட்டு அது எங்க போகும்? இவ்வளவு நாள் தேடுறேன், ஒரு தடவையாவது என்னைக் கடிச்சிருக்கா? குரைச்சிருக்கா? அந்த மாதிரி ஒரு நாய் எங்க கிடைக்கும்?”

“அப்படின்னா சார்... ஜிம்மி இருக்கலாங்கறீங்களா?”

“இருக்கட்டும்.”

“வீடு?”

“வீடும் இருக்கட்டும். உங்களை யாரு காலி பண்ணச் சொன்னது?”

“ஆணி?”

“ஒரு ஆணிதானே. போர்டுல எழுத்து நல்லா இருக்கு.”

“அப்ப சாவியை...”

ஓனர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். “சோதனை மட்டும் நடக்கும். அது என் கடமை. நாளைக்குப் பரணை இன்னொரு தடவை பாக்கணும்.” சொல்லிவிட்டு, மேற்கொண்டு பேச்சுக்கு இடம் கொடுக்காமல் கீழே இறங்கினார். இரண்டு இரண்டு படியாக இறங்குகிற சத்தம் கேட்டது.

கண்டக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். வீடு தப்பியது. நூலகர் அவள் தோளைத் தொட்டார். ‘உன்னால்தான்’ என்று சொல்ல நினைத்தார். மதிய வேளைகளில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் இவளுடைய வேர்வைக்குத்தான் ஏதோ ஒரு பலன் கிடைத்திருக்கிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

ஓனரின் மனைவி இன்னும் நாற்காலியிலேயே உட்கார்ந்து, பிறகு கலந்து கொடுத்த காபியை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டரம்மா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, நீங்க எவ்வளவு பொறுமையா இருந்திருக்கீங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் விடாம அந்த மிஷின்ல ஓடுறாரு. வேகம் வேற ஏறிக்கிட்டே போகுது. கீழ உங்களுக்கு அந்தச் சத்தம் எவ்வளவு தொந்தரவா இருந்திருக்கும்.”

நூலகர் அடக்கமாகக் கூரையைப் பார்த்தார்.

அந்த அம்மா காலி டம்ளரைக் கீழே வைத்து, வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“தொந்தரவு என்னம்மா தொந்தரவு, நீங்க ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்புனதும் மேல வந்து ஓடுறது எங்க வீட்டுக்காரர்தானே.”